காதோரத்து வெள்ளை

என் இடது காதின் மேல்விளிம்பில், பின்பக்கமாக, ஒரு பொருக்கு இருந்தது. மிளகு அளவுதான். கிள்ளினால் உதிரும், பத்து நாளில் மறுபடி வந்து உட்காரும். ஒரு வருஷம் அதோடு விளையாடிக்கொண்டிருந்தேன். ஒரு காலையில் தலையணை உறையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தோல் டாக்டரிடம் போனேன். அந்த டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். லென்ஸை வைத்துப் பார்த்தார், மரத்துப்போக ஊசி போட்டார், பொருக்கை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். இரண்டு வாரத்தில் முடிவு வந்தது.

"பயப்பட ஒண்ணுமில்ல சார். மோசமாகுறதுக்கு முன்னாடியே எடுத்தாச்சு. ஆனா இது வெயில் பண்ண வேலை. வெளியிலேயே இருக்கிற உத்தியோகமா?"

"மின்சார மீட்டர் சோதிக்கிற அறையில முப்பத்தொரு வருஷம் இருந்தேன். ஜன்னல்கூடக் கிடையாது."

"அப்புறம் எங்கே இவ்வளவு வெயிலை வாங்கினீங்க?"

"சின்ன வயசுல சைக்கிள்லயே சுத்தினேன். ரிட்டயர் ஆனப்புறம் ஆறு வருஷமா கிரிக்கெட் அம்பயர். ஞாயித்துக்கிழமை, லீவு நாள், ஒண்ணும் விடுறதில்ல."

"காலையில பத்துல இருந்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும் வெயில்ல நிக்கக் கூடாது."

"மேட்ச் ஒன்பதுல இருந்து நாலரை வரைக்கும் டாக்டர்."

"அப்ப மேட்ச் வேண்டாம்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! உப்பைக் குறைங்க என்பது மாதிரி. நான் பேரம் பேசினேன். "நான் ஏற்கெனவே கறுப்பு. இன்னும் என்ன கறுக்கப் போறேன்?"

"கறுப்பா இருந்தா வெயில் உங்களைப் பார்த்து ஒதுங்கிப் போயிடுமா?"

கடைசியில் அவரே இறங்கி வந்தார். முழுக்கைச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி, தூக்கிவிட்ட காலர், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கிரீம். எவ்வளவு கிரீம் என்று காட்ட என் இடது கையைப் பிடித்து, ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை இரண்டு கோடு பிதுக்கினார். முகம், கழுத்து, காது எல்லாவற்றுக்கும் சேர்த்து அதுதான் அளவு.

"பூசிட்டு இருபது நிமிஷம் நிழல்ல இருங்க. தோல்ல ஊறணும். இல்லேன்னா வேர்வையோட வழிஞ்சு கண்ணுக்குள்ள போயிடும்."

தலையை ஆட்டினேன். மைதானத்தின் நடுவில் நிற்கிறவனுக்கு இருபது நிமிட நிழலை யார் தரப்போகிறார்கள் என்று அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி மேட்ச் வேண்டாம் என்பார்.

மேட்ச் இல்லாவிட்டால் எனக்கு என்ன இருக்கிறது? மகளின் பிரசவத்துக்கென்று போன மனைவி, பேரன் பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பித்த பிறகும் திரும்பவில்லை. சண்டையெல்லாம் ஒன்றுமில்லை. அங்கே அவளுக்கு வேலை இருக்கிறது, இங்கே நான் இருக்கிறேன், இரண்டு பேருக்கும் பழகிவிட்டது. பழகிவிட்டது என்பதுதான் இதில் எனக்குப் பிடிக்காத விஷயம். சில வாரங்களில் திங்கள் முதல் சனி வரை நான் வாய் திறந்து பேசியதைக் கூட்டிப் பார்த்தால், பேருந்து நடத்துநரிடம் சொன்ன நிறுத்தத்தின் பெயர்தான் தேறும்.

மைதானத்தில் மட்டும் அம்பயரிடம் யார் பேசுகிறார்கள் என்று கேட்பீர்கள். யாரும் பேச மாட்டார்கள், உண்மைதான். அங்கே நான் ஒரு நடமாடும் ஆணி. பந்து வீச வருகிறவன் தன் தொப்பியைக் கழற்றி என்னிடம் நீட்டுவான், கூலிங்கிளாஸை நீட்டுவான். என் முகத்தைப் பார்க்க மாட்டான். ஓவர் முடிந்ததும் பிடுங்கிக்கொண்டு போவான். ஊரார் தலைகளுக்கான நிழலையெல்லாம் இடுப்பில் செருகிக்கொண்டு நான் வெயிலில் நிற்பேன். ஆனால் அப்பீல் என்று ஒன்று இருக்கிறதே! பந்து காலில் பட்டதும் பதினோரு பேரும் என் பக்கம் திரும்பி, கைகளை விரித்து, தொண்டை கிழியக் கத்துவார்கள். அந்த ஒரு நொடி அவர்கள் என்னைத்தான் பார்த்தாக வேண்டும். அவர்களுக்கு வேறு வழி இல்லை. அதற்காகத்தான் ஆறு வருஷமாக விடியற்காலையில் எழுந்து வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

கிரீம் பூச ஆரம்பித்த முதல் ஞாயிறே பெயர் வைத்துவிட்டார்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த கிரீம் வெள்ளை வெளேரென்று இருக்கும். என் நிறத்தில் அது எங்கே மறையும்? எவ்வளவு தேய்த்தாலும் முகம் சாம்பல் பூத்துத்தான் நின்றது. "சுண்ணாம்பு வந்தாச்சு, டாஸ் போடலாம்" என்று ஒருவன் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. பட்டப்பெயர் வைக்கவாவது ஒருமுறை நிமிர்ந்து பார்த்திருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து குளியலறைக் கண்ணாடியில் தலையைத் திருப்பிப் பார்த்தேன். இடது காதுக்குப் பின்னால், வெட்டிய தழும்பை ஒட்டி, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு. தேய்க்காமல் விட்ட கிரீம் காய்ந்து, வெடித்து, அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. காலை எட்டரைக்குப் பூசியது. அதன் மேல் இரண்டு மூன்று முறை பூசியும் இருக்கிறேன். இருபத்திரண்டு ஆட்டக்காரர்கள், ஸ்கோர் எழுதுகிறவர், கூட நின்ற இன்னொரு அம்பயர், திரும்பி வரும்போது பேருந்தில் என் பின்னால் உட்கார்ந்திருந்த குடும்பம், இத்தனை பேர் நாள் முழுக்கப் பார்த்திருக்கிறார்கள். "சார், காதுல ஏதோ ஒட்டியிருக்கு" என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. பல்லில் கீரை ஒட்டியிருந்தால் எதிரியிடம்கூடச் சொல்வோமே. ஈரத் துண்டால் அழுத்தித் துடைத்தேன்.

மனைவிக்கு ஃபோன் போட்டேன்.

"வெயில்ல நிக்காதீங்கன்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். இப்ப டாக்டர் சொன்னாத்தான் ஏறுதாக்கும்" என்றாள். பிறகு, "பின்கழுத்துக்கு எப்படிப் பூசுறீங்க?"

"குத்துமதிப்பாதான்."

"திட்டுத் திட்டா விட்டுட்டுப் போகாதீங்க. பார்க்கிறவங்க சிரிப்பாங்க."

"யாரும் சிரிக்கல. யாரும் சொல்லவும் இல்ல."

அவள் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் அங்கே பேரன் எதையோ கவிழ்த்துவிட்டான். "இருங்க, வந்துடறேன்" என்று ஃபோனை எங்கேயோ வைத்தாள். வைத்ததை மறந்தும் போனாள். நான் வைக்கவில்லை. குழாய் ஓடுகிற சத்தம், பாத்திரம் உருளுகிற சத்தம், மகள் அதட்டுகிற சத்தம், பேரன் சிரிக்கிற சத்தம் எல்லாவற்றையும் கால் மணி நேரம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் நானே துண்டித்தேன்.

அடுத்த ஞாயிறு அரையிறுதி. அதற்கு முன்பே கிரிக்கெட் சங்கச் செயலாளர் என்னை ஓரங்கட்டிப் பேசியிருந்தார். எந்நேரமும் குடை பிடித்தபடி மைதானத்தைச் சுற்றி வருகிற மனிதர். எதையும் 'நாம' என்றுதான் சொல்வார்.

"அறுபது தாண்டினவங்களை அடுத்த வருஷம் என்ன பண்றதுன்னு நாம யோசிச்சுக்கிட்டிருக்கோம் சார். உங்க மேல ஒரு புகார்கூட இல்ல. அப்படியே இந்த சீசனை முடிச்சுட்டீங்கன்னா நாம சமாளிச்சுக்கலாம்."

அதாவது, ஒரு தப்பு போதும், மூட்டை கட்ட வேண்டியதுதான். எனக்குப் புரிந்தது.

அரையிறுதியில் முதலில் பேட் செய்த அணியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இருந்தார். நாற்பத்து நான்கு வயது. இரண்டு முழங்காலிலும் பட்டை. இதுதான் கடைசி சீசன் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தார். இத்தனை வருஷத்தில் ஒரு சதம் அடித்ததில்லை, அதிகபட்சம் எண்பத்து மூன்று. அன்று காலை அவருக்குப் பட்டதெல்லாம் பவுண்டரி. முப்பத்து நான்காவது ஓவர் முடிந்தபோது தொண்ணூற்றாறில் நின்றார். இன்னும் ஒரே ஒரு பவுண்டரி. அவருடைய ஆட்கள் கூடாரத்திலிருந்து எழுந்து எல்லைக் கயிற்றோரம் வந்து நின்றுவிட்டார்கள்.

தண்ணீர் இடைவேளை விட்டோம். என் கைக்கடிகாரம் பத்தரைக்கே கூவியிருந்தது, நாற்பது நிமிஷம் தாமதம். பையிலிருந்து டியூபை எடுத்தேன். இரண்டு விரல், இரண்டு கோடு. போன வாரத்து வெள்ளைத் திட்டு ஞாபகத்தில் இருந்ததால் இன்றைக்கு எதையும் விட்டுவிடக் கூடாது என்று நெற்றியில் அப்பினேன், கன்னத்தில் அப்பினேன், காதில் அப்பினேன். தேய்த்து முடிப்பதற்குள் தண்ணீர் கொண்டுவந்தவர்கள் தட்டோடு ஓடிவிட்டார்கள். பந்துவீச்சாளன் தன் தொப்பியை என் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றான். வாங்கி இடுப்பில் செருகினேன். இருபது நிமிஷமாவது, நிழலாவது.

முதல் பந்து ஒன்றுமில்லை. இரண்டாவது பந்துக்கு அவன் ஓடி வரும்போது நெற்றியிலிருந்து ஏதோ இறங்குவது தெரிந்தது. புருவத்தில் ஒரு கணம் நின்றது. அவன் என்னைத் தாண்டிக் குதிக்கிற அதே நொடியில் வலது கண்ணுக்குள் விழுந்தது. மிளகாய்ப் பொடியைத் தூவின எரிச்சல். வலது கண் இறுக மூடிக்கொண்டது, அதோடு இடதும் மூடிக்கொண்டது. நான் பார்த்தது இருட்டுதான். சத்தம் கேட்டது. ஒரு சத்தமா, அடுத்தடுத்து இரண்டா, தெரியாது. பந்து முதலில் மட்டையில் பட்டிருந்தால் அப்புறம் காலில் எங்கே பட்டாலும் அவுட் கிடையாது. நேராகக் காலில் பட்டிருந்தால்தான் பேச்சே. பார்க்காதவனுக்கு எது முதலில் என்று எப்படித் தெரியும்?

கண்ணைத் திறந்தபோது பதினோரு பேரும் என் பக்கம் திரும்பியிருந்தார்கள். பந்துவீச்சாளன் என் காலடியில் மண்டியிட்டுக் கத்தினான். விக்கெட் கீப்பர் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு என்னை நோக்கி ஓடி வந்தான். கண்ணீர்த் திரைக்குப் பின்னால் அத்தனை முகங்களும் கலங்கலாகத் தெரிந்தன, அத்தனையும் என்னைப் பார்த்தன. சந்தேகம் வந்தால் பேட்ஸ்மேனுக்குச் சாதகம். அம்பயர் வேலையின் முதல் பாடம் அது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தலையை ஆட்டினால் போதும். ஆனால் தலையை ஆட்டினால் அந்த முகங்கள் எல்லாம் முணுமுணுத்துக்கொண்டு திரும்பிப் போய்விடும்.

என் விரல் மேலே போயிற்று.

அவர்கள் என்னைச் சுற்றிக் குதித்தார்கள். ஒருவன் என் தோளில் தட்டினான். கண்ணாடிக் கடைக்காரர் தன் மட்டையின் விளிம்பை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார், நடந்தார். பாதி தூரம் போனதும் நொண்ட ஆரம்பித்தார். அதுவரை அவருக்கு முழங்கால் வலித்ததே தெரியவில்லை போல. கயிற்றோரம் நின்றவர்களில் ஒருவன், "அண்ணே, சுண்ணாம்புக்கு உங்க கடையில ஒரு கண்ணாடி போட்டுக் குடுங்க" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், கண்ணாடிக் கடைக்காரரின் அணியே அன்று ஜெயித்தது. ஜெயித்த அணி புகார் எழுதாது. தோற்ற அணிக்கு அந்த அவுட்டில் லாபம்தான். ஆக ஒருவரும் வாய் திறக்கப் போவதில்லை. நான் வழக்கம்போல அறிக்கைத் தாளில் 'குறிப்பு' என்ற இடத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு பேருந்து ஏறினால், அடுத்த வாரம் இறுதி ஆட்டம், அடுத்த வருஷம் இன்னொரு சீசன். யாருக்கும் எதுவும் தெரியாது.

எல்லோரும் வரிசையாக வந்து கை கொடுத்தார்கள். அவரும் வந்தார். "தேங்க்ஸ் சார்" என்றார், என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு. அந்தக் கை விரல்கள் மட்டைப் பிடியில் உராய்ந்து கொப்புளித்திருந்தன. என்னால் தாங்க முடியவில்லை.

கூடாரத்துக்குப் பின்னால் இருந்த குழாயில் அவர் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது போனேன். வேறு யாரும் இல்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் பந்தை நான் பார்க்கல."

அவர் குழாயை மூடினார். "என்ன சார்?"

"கிரீம் வழிஞ்சு கண்ணுக்குள்ள போயிடுச்சு. கண்ணை மூடிட்டேன். பார்க்காமதான் அவுட் குடுத்தேன்."

அவர் முகவாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மட்டையில பட்டது எனக்குத் தெரியும் சார்" என்றார். "ஆனா, அம்பயர் கண்ணுக்கு அது தெரியல, அவர் பார்த்ததை அவர் சொன்னாருன்னு காலையில இருந்து மனசைத் தேத்திக்கிட்டிருக்கேன். பார்த்துட்டுத் தப்பா சொன்னா அது ஆட்டம். பார்க்கவே இல்லேன்னா எதுக்கு சார் கையைத் தூக்குனீங்க? இல்லேன்னு சொல்லியிருக்கலாமே."

"எல்லாரும் என்னையே பார்த்தாங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்? கயிற்றோரம் அவருக்காக ஒரு கூட்டமே எழுந்து நின்றது.

"நீங்க இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் சார். இனிமே எனக்கு ராத்திரி தூக்கம் வராது." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கிட்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டடி போனார். நின்றார், திரும்பினார்.

"காதுல வெள்ளையா ஒட்டியிருக்கு சார். இடது காது. துடைச்சுக்கோங்க."

சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போய்விட்டார். நான் அந்தக் குழாயடியில் நின்று காதைத் தொட்டுப் பார்த்தேன். அழுதேன் என்றால் அழுதேன்தான். கண் எரிச்சல் என்று சொல்லித் தப்பிக்கலாம், அது காலையிலேயே அடங்கிவிட்டது.

அறிக்கைத் தாளில் எழுதினேன்: 'முப்பத்தைந்தாவது ஓவர், இரண்டாம் பந்து. என் கண் மூடியிருந்தது. பந்தைப் பார்க்காமல் அவுட் கொடுத்தேன். தவறு என்னுடையது.' ஆறு வருஷத்தில் அந்த இடத்தில் நான் எழுதிய முதல் குறிப்பு அதுதான்.

புதன்கிழமை செயலாளர் ஃபோன் செய்தார். "ஏன் சார் இதையெல்லாம் எழுதிக் குடுத்தீங்க? யார் கேட்டா? எழுத்துல வந்தப்புறம் நாம என்ன பண்ண முடியும்?" உண்மையிலேயே வருத்தப்பட்டார். ஸ்கோர் புத்தகத்தில் தொண்ணூற்றாறு தொண்ணூற்றாறாகவே இருக்கும், அதை மாற்ற வழியில்லை என்றும் சொன்னார். இறுதி ஆட்டத்துக்கு வேறு ஆளைப் போட்டார்கள். கண்ணாடிக் கடைக்காரர் அதில் ஐந்து ரன்னில் ஸ்டம்ப் பறக்க அவுட்டாகி, மட்டையைக் கட்டிவைத்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

மாதம் ஒன்று கழித்து டாக்டரம்மா என் காதை மடக்கி, திருப்பி, லென்ஸ் வைத்துப் பார்த்தார். தழும்பைச் சுற்றி விரலால் மெதுவாக அழுத்தினார். இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கட்டும் என்றிருந்தது எனக்கு.

"புதுசா எதுவுமே இல்ல. நல்லாப் பார்த்துக்கிட்டிருக்கீங்க சார். மேட்சை விட்டது ரொம்ப நல்ல முடிவு. இனி ஆறு மாசம் கழிச்சு வந்தா போதும். ஆனா கிரீமை நிறுத்தாதீங்க. தெருவுல நடக்கிறதுன்னாலும் பூசிக்கோங்க."

நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு இரண்டு விரலில் இரண்டு கோடு பிதுக்குகிறேன். முகத்துக்கும் கழுத்துக்கும் நன்றாகத் தேய்க்கிறேன். இருபது நிமிஷம் நாற்காலியில் உட்கார்ந்து ஊறவிடுகிறேன். இப்போது எனக்கு நேரத்துக்கென்ன பஞ்சம்? அப்புறம் தொப்பியை மாட்டிக்கொண்டு கடைத்தெரு முனைவரை நடந்து, ரொட்டிக் கடையில் ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு, பேருந்து நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்புகிறேன். இடது காதுக்குப் பின்னால் மட்டும் கிரீமைத் தேய்ப்பதில்லை. கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளையாக அப்படியே விட்டுவிடுகிறேன்.

ஏழு ஞாயிறு ஆயிற்று. வரிசையில் என் பின்னால் நின்றவர்கள் பார்த்திருப்பார்கள், ரொட்டிக் கடைக்காரரும் பார்த்திருப்பார். இதுவரை அதைச் சொன்னவர் ஒருவர்தான். நான் பார்க்காமலே வெளியே அனுப்பிய அந்த மனிதர்.